முகாமிலிருந்து வன்னிக்கு வாற பெண்களுக்கு: வீட்டுக்குள் அடி விழுந்தால் எங்கே போவது

தமிழ்நாட்டு அகதி முகாமில் எங்களுடையது பத்துக்குப் பத்து அறை. பக்கத்து வீட்டில் கடுகு வெடித்தால் எங்களுக்குக் கேட்கும். அடி விழுந்தாலும் கேட்கும். யாரோ ஓர் அக்கா வந்து கதவில் தட்டி, "என்னப்பா அங்க சத்தம்?" என்று ஓர் அதட்டுப் போடுவா. அன்றைக்கு அவ்வளவோடு அடங்கும். இலங்கைக்குத் திரும்பி வந்தால் இங்கே வன்னியில் உங்களுக்கு இருக்கப்போவது அரை ஏக்கர், ஒரு ஏக்கர் காணி. நடுவில் வீடு, சுற்றிவர வேலி, அங்கால் பற்றை. கத்தினால் நாய்தான் குரைக்கும். இரவில் ஓடலாமென்றால் குளக்கட்டுப் பக்கம் யானை நிற்கும், கடைசி பஸ் எப்போதோ போயிருக்கும்.

காணி துப்புரவாக்குவது, மீள்குடியேற்றப் பதிவு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாவற்றுக்கும் ஆள் வந்து விளக்கம் சொல்லும். இதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் எழுதுகிறேன்.

வந்த முதல் கிழமையில் செய்ய வேண்டியது ஒன்று. கிட்ட இருக்கிற வீட்டுப் பக்கமாக வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையக்கூடிய இடைவெளி, விட்டுவையுங்கள். உப்பு, தேங்காய் என்று ஏதாவது கேட்டு அந்தப் பொட்டால் நாளுக்கு ஒருக்கா போய் வாருங்கள். உங்கள் கதைவழக்கைக் கேட்டு 'இந்தியாக்காரி' என்று கொஞ்ச நாள் பகிடி பண்ணுவார்கள். பரவாயில்லை, அந்தப் பாதை பழகட்டும். ஓட வேண்டி வந்தால் இருட்டிலும் கால் தானாகப் போகும்.

அடுத்தது பெயர்கள். அங்கே, தமிழ்நாட்டில், வி.ஏ.ஓ. என்றால் இங்கே கிராம அலுவலர், சனம் ஜி.எஸ். என்றுதான் சொல்லும். தாலுகா அலுவலகத்துக்குப் பதிலாகப் பிரதேச செயலகம். கிளிநொச்சி மாவட்டத்தில் கரைச்சி, கண்டாவளை, பச்சிலைப்பள்ளி, பூநகரி என்று நான்கு. முல்லைத்தீவுப் பக்கம் கரைதுறைப்பற்று, புதுக்குடியிருப்பு, ஒட்டுசுட்டான், துணுக்காய், மாந்தை கிழக்கு என்று போகும். அங்கே 1992 தொடக்கம் அனைத்து மகளிர் காவல் நிலையம் இருந்து பழகிவிட்டோம். இங்கே அப்படித் தனி நிலையத்தைத் தேட வேண்டாம், பொலிஸ் நிலையத்துக்குள்ளேயே சிறுவர் மகளிர் பிரிவு என்று ஓர் அறையோ மேசையோ இருக்கும். அங்கே 181க்கு அடித்தீர்கள். இங்கே பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, அவசரப் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990. அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. எடுத்தவுடன் "தமிழ்" என்று சொல்லுங்கள். இந்த நான்கையும் போனில் மட்டும் வைக்காதீர்கள், ஏனென்றால் அடிக்கிறவன் முதலில் பறிப்பது போனைத்தான். பிள்ளையின் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் பிரிவு உத்தியோகத்தர் என்று தனித்தனி ஆட்கள் உண்டு. நல்ல ஆட்களும் இருக்கிறார்கள், பைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் சொல்ல வேண்டியது குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது மிட்வைஃப் மிஸ்ஸிடம். கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் பார்க்க அவ மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கே வருவா. அவ வந்து போவதைப் புருஷனும் மாமியாரும் சந்தேகமாகப் பார்க்க மாட்டினம். கிளினிக் கார்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தனியாக இரண்டு நிமிஷம் கதைக்கலாம். ஜி.எஸ். நல்லவராக இருந்தாலும் அவர் வீட்டு விறாந்தையில் எப்போதும் நாலு பேர் நிற்பினம். நீங்கள் திரும்பி வாசலைத் தாண்ட முதல் கதை சந்திக் கடைக்குப் போய்விடும்.

காயம் இருந்தால் பொலிஸுக்கு முதல் ஆஸ்பத்திரி. இதில் ஆட்களுக்கு ஆள் அபிப்பிராயம் வேறு, ஆனால் நான் கண்டவரை இப்படிப் போனவர்களின் வழக்குத்தான் நின்றது. கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையோ, முல்லைத்தீவுக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரியோ, வவுனியாவோ, போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "கிணத்தடியில வழுக்கி விழுந்திட்டன்" என்று சொன்னால் அதுதான் கட்டில் தலைமாட்டில் தொங்கும் துண்டில் ஏறும், பிறகு நீதிமன்றத்தில் எதிர்ப்பக்கச் சட்டத்தரணி அதையே தூக்கிக் காட்டுவார். உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரியில் இருக்கிற பொலிஸில் பதிந்து, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். அவர் எழுதும் அறிக்கைக்கு நீதிமன்றத்தில் பெறுமதி உண்டு. கழுத்தை நெரித்திருந்தால் வெளியில் அடையாளம் தெரியாவிட்டாலும் கட்டாயம் சொல்லுங்கள். விழுங்க நோவது, குரல் அடைப்பது, தலைச்சுற்று எல்லாம் அதன் அடையாளம், உள்வீக்கம் பிறகு வந்து உயிரையும் எடுக்கும்.

அரச ஆஸ்பத்திரிகளில் இப்படி வாறவர்களுக்கென்றே 'நட்பு நிலையம்' என்ற பெயரில் ஓர் இடம் நடத்துகிறார்கள். சிங்களத்தில் மிதுறு பியச. வோர்ட்டில் தாதியிடம் மெல்லக் கேட்டால் கூட்டிக்கொண்டு போவா. கதவை மூடி வைத்துக் கதைக்கலாம், அங்கிருந்தே மற்ற இடங்களுக்கும் தொடுத்துவிடுவார்கள்.

இனிப் பொலிஸ். நான் வந்து இரண்டாம் வருஷம் எங்கள் வீதியில் ஒரு தங்கச்சிக்குத் துணையாகப் போனேன். எந்த நிலையம் என்பது இங்கே தேவையில்லை. மேசையில் இருந்த பெண் பொலிஸ் அன்பான பிள்ளை, ஆனால் தமிழ் அரைகுறை. "கழுத்தில காலை வச்சு மிதிச்சவர்" என்று தங்கச்சி அழுதழுது சொல்ல, அவ நீளப் புத்தகத்தில் சிங்களத்தில் எழுதிக்கொண்டு போனா. முடிந்ததும் பேனையை நீட்டி, விரலால் இடத்தைக் காட்டினா. வாசித்துக் காட்டச் சொல்லி நான் கேட்டேன். வாசலில் நின்ற தமிழ்ப் பொலிஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டு வாசிக்க வைத்தால், 'கணவன் மனைவிக்கிடையே வாய்த்தகராறு' என்று இருக்கிறது. கழுத்தும் இல்லை, காலும் இல்லை. திருப்பி எழுதுவிக்க மத்தியானம் தாண்டிவிட்டது.

தமிழ் இந்த நாட்டில் அரசகரும மொழி, வடக்கில் நிர்வாக மொழியும் கூட. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, எழுதியவரின் பெயர் மூன்றையும் குறித்துக்கொண்டு வெளியே வாருங்கள். அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்று யாரும் திருப்பி அனுப்பினால் போகாமல் இருங்கள். அங்கிருந்தே 1938க்கு எடுங்கள்.

இன்னொன்று, 'சமாதானமாப் போங்கோ'. அவரையும் கூப்பிட்டு, இனி அடிக்க மாட்டேன் என்று எழுதி வாங்கி, இரண்டு பேரையும் ஒரே ஓட்டோவில் ஏற்றி அனுப்புவார்கள். அந்தக் கடிதத்தை மீறினால் அவருக்கு எந்தத் தண்டனையும் இல்லை. தண்டனை உள்ளது நீதிமன்றப் பாதுகாப்புக் கட்டளைக்கு.

இந்தியாவில் 2005இல் குடும்ப வன்முறைச் சட்டம் வந்தது போல இலங்கையிலும் அதே வருஷம் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. அங்குள்ளது பெண்களுக்கு மட்டும். இங்குள்ளதில் ஆண், பெண், வயோதிபர், பிள்ளை யாரும் கேட்கலாம். புருஷனுக்கு எதிராக மட்டுமில்லை, மாமன், மாமி, மைத்துனன், உங்கள் சொந்தத் தகப்பன், சகோதரனுக்கு எதிராகவும் கேட்கலாம். முகாம் கோயிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமல் இருக்கிற சோடிகள் எங்களுக்குள் எத்தனையோ. சேர்ந்து வாழ்கிறவரும் முன்னாள் கணவரும் சட்டத்துக்குள் வருகிறார்கள், ஆகவே பதிவுத் துண்டு இல்லை என்று பயப்பட வேண்டாம்.

நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பத்தை நீங்களே போடலாம், உங்களுக்காகப் பொலிஸும் போடலாம். அவசரமென்று நீதவான் கண்டால் இடைக்காலக் கட்டளை கொடுப்பார், 14 நாளுக்குள் விசாரணைக்குத் திகதி விழும். அதன் பிறகு கிடைக்கும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. வீட்டுக்கு வரக்கூடாது, வேலையிடத்துக்கு வரக்கூடாது, உங்களோடு தொடர்பு கொள்ளக்கூடாது, வீட்டை விற்கக்கூடாது என்றெல்லாம் போட முடியும். மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். உடம்பில் காயமே இல்லாமல், தொடர்ந்து கேவலப்படுத்திக் கொடுமை செய்வதையும் சட்டம் வன்முறை என்றே எடுக்கிறது. சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேளுங்கள். பிள்ளைச் செலவுக்குத் தாபரிப்பு வழக்கு, 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், அதே நீதவான் நீதிமன்றத்தில். கலியாணம் பதியாத பிள்ளைக்கும் அது உண்டு.

இந்தியப் பிரஜையாக இருந்து எங்கள் ஆட்களைக் கட்டி வந்த பெண்களுக்கு ஒரு சொல். "பொலிஸுக்குப் போனா உன்னை விசா இல்லாம ஏத்தி அனுப்பிப்போடுவாங்கள்" என்று மிரட்டுகிற புருஷன்மாரை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். பாதுகாப்புக் கட்டளை கேட்பதற்கு எந்த நாட்டுப் பிரஜை என்பது நிபந்தனை இல்லை. பாஸ்போட், விசாச் சிக்கலுக்கு யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது.

பாலியல் வல்லுறவு என்றால் நேரம் முக்கியம். எவ்வளவு அருவருப்பாக இருந்தாலும் குளிக்காமல், உடுப்பை மாற்றாமல் நேரே ஆஸ்பத்திரி. மாற்றிவிட்டால் அந்த உடுப்பைப் பொலித்தீன் சொப்பிங் பையில் போடாதீர்கள், ஈரம் பிடித்துப் பழுதாகும். பேப்பரில் சுற்றிக் கொண்டுபோங்கள். கர்ப்பம் தங்காமல் இருக்கக் குளிசையும், எச்.ஐ.வி. வராமல் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும், எவ்வளவு முந்தியோ அவ்வளவு நல்லது. குளித்துவிட்டாலும், நாள் போய்விட்டாலும் போகலாம். உங்கள் சம்மதம் இல்லாமல் உடம்பைப் பரிசோதிக்க மாட்டார்கள். 16 வயதுக்குட்பட்ட பிள்ளை 'விரும்பித்தான் போனது' என்ற கதை சட்டத்தில் எடுபடாது. ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். நீதிமன்றத்தால் பிரித்து வைக்கப்பட்ட மனைவியைத் தவிர, புருஷன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதை இந்த நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை இன்னும் வல்லுறவாக எடுக்கவில்லை. ஆனால் அந்த நேரம் அடித்தது, காயப்படுத்தியது, மிரட்டியது எல்லாம் குற்றம்தான். அதைச் சொல்லிப் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்.

காணிப் பத்திரம், வீட்டுத்திட்டம், பிறப்புப் பதிவு என்று நீங்கள் அலையப்போகிற காலம் இது. தனியே வாற பெண்ணிடம், "பின்னேரம் வாங்கோ, ஆறுதலாக் கதைப்பம்" என்கிற ஆட்களும் உண்டு. கையெழுத்துக்காக உடம்பைக் கேட்பது பாலியல் இலஞ்சம். 2023இன் ஊழல் தடுப்புச் சட்டம் அதைப் பெயர் சொல்லியே குற்றமாக்கியிருக்கிறது. இலஞ்ச ஆணைக்குழுவின் இலக்கம் 1954. குறுஞ்செய்தி வந்திருந்தால் அழிக்காதீர்கள்.

வீட்டை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தால் தங்க இடம் உண்டு. பாதுகாப்பு இல்லங்களின் விலாசத்தை யாரும் சும்மா சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. 1938, நட்பு நிலையம், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் வழியாகத்தான் போக முடியும். 1987இல் தொடங்கிய 'விமன் இன் நீட்' என்ற அமைப்பு யாழ்ப்பாணத்தில் வேலை செய்கிறது, மன்னாரில் பெண்கள் அபிவிருத்தி ஒன்றியம் இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைக் கூடவே கொண்டு போங்கள். விட்டுவிட்டுப் போனால் திருப்பி எடுக்கப் படுகிற பாடு தனிப் பாடு.

பத்திரங்களை முன்கூட்டியே பிரித்து வையுங்கள். முகாமில் அகதி அட்டை தொடக்கம் எல்லாம் குடும்பத் தலைவர் பெயரில் ஒரு பைலில் இருந்தது, இங்கேயும் அந்தப் பைலை அவர்தான் வைத்திருப்பார். பிள்ளைகளின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், சென்னைத் தூதரகத்தில் பதிந்த துண்டு, உங்கள் பயணப் பத்திரம், வங்கிப் புத்தகம், கிளினிக் கார்ட் எல்லாவற்றையும் பள்ளிக்கூட அலுவல் என்று சொல்லி ஒருநாள் டவுனுக்குக் கொண்டுபோய்ப் போட்டோக்கொப்பி அடியுங்கள். உங்கள் பெயரில் கிழமைக் கட்டுக்காசு லோன் எடுத்திருந்தால் அந்தப் புத்தகத்தையும் சேர்த்து. எங்கள் வீதித் தங்கச்சியின் போட்டோக்கொப்பிகள் பொட்டுக்கு அங்கால் ஆச்சி வீட்டு அரிசிப் பீப்பாவுக்குள், பொலித்தீனில் சுற்றி, எட்டு மாதம் கிடந்தன. இடைக்காலக் கட்டளை கிடைத்த அன்று ஆச்சி அரிசியைத் தட்டிவிட்டு எடுத்துக் கொடுத்தா.