பழைய மியாட்டா: எந்தப் பாகத்தை வாங்குவது, எந்த ஆயிலை ஊற்றுவது

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதன்முதலாகத் தலைகாட்டியது 1989 பிப்ரவரியில், சிகாகோ மோட்டார் கண்காட்சியில். அமெரிக்காவில் அதற்கு மியாட்டா என்று பெயர், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1997 வரை வந்த முதல் தலைமுறையை என்ஏ என்பார்கள். முகப்பு விளக்குகள் பானட்டுக்குள்ளிருந்து எழும்பி வரும் வண்டி இதுதான். இதற்குப் பாகம் கிடைப்பது இன்றும் பெரிய பாடில்லை. கிடைத்த பாகம் பொருந்தாமல் போவதும், தப்பான ஆயிலை ஊற்றி கியர் பாக்ஸைக் கெடுத்துக்கொள்வதும்தான் இதில் அடிக்கடி நடக்கிற விபத்து.

ஆண்டை மட்டும் சொல்லி ஆர்டர் போடாதீர்கள்

என்ஏ இரண்டு இன்ஜின்களில் வந்தது. முதலில் 1.6 லிட்டர், 1994 மாடலிலிருந்து 1.8. ஆனால் 1.8 வந்த பிறகும் ஐரோப்பாவில் 1.6 விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஆகவே '95 மாடல்' என்று கடைக்காரரிடம் சொன்னால் பாதித் தகவல்தான் சொல்கிறீர்கள். ஜப்பானிலிருந்து வந்த வண்டியில் சேஸிஸ் எண்ணைப் பாருங்கள்: என்ஏ6சிஇ என்று தொடங்கினால் 1.6, என்ஏ8சி என்றால் 1.8. ஜப்பான் உள்நாட்டு வண்டிக்கு 17 எழுத்து விஐஎன், அதாவது வண்டி அடையாள எண் இருக்காது. அதைக் கேட்டு அடம்பிடிக்கும் இணையதளத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம், சேஸிஸ் எண்ணை ஏற்கும் இடத்தில் தேடுங்கள்.

வித்தியாசம் இன்ஜினோடு நிற்கவில்லை. முன் பிரேக் டிஸ்க் ஆரம்ப 1.6-இல் 235 மி.மீ., 1.8-இல் 255. பின் டிஸ்க் 231, 251. கிளட்ச் பிளேட் 200 மி.மீ., 215 மி.மீ. பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் கிரவுன் வீல், அதாவது பெரிய பல்சக்கரம், 6 அங்குலம், 7 அங்குலம். 1.6-இன் 6 அங்குல டிஃபரன்ஷியல் பலவீனமானது என்பதால் முன்பு இருந்தவர் 7 அங்குலத்தை மாற்றிப் போட்டிருக்கலாம். அப்படியே பெரிய பிரேக்கும் ஏறியிருக்கலாம். முப்பது வருஷத்தில் யார் கை எங்கே பட்டது என்று புத்தகம் சொல்லாது. ஆர்டர் போடுவதற்கு முன் சக்கரத்தைக் கழற்றி டிஸ்க்கை அளந்துவிடுங்கள்.

ஆரம்ப 1.6 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். முதலில் வந்த இன்ஜின்களில் கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையானது, 1991-இல் அதை நீளமாக்கினார்கள். கிராங்க் புல்லியின் முகத்தில் நாலு காடி இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் நீள முனை. குட்டை முனையில் நடு போல்ட் சரியாக இறுகாமல் போனால், புல்லியைக் கிராங்கோடு பூட்டும் சாவி என்ற சின்ன இரும்புத் துண்டு தன் காடியிலேயே ஆடி ஆடி கிராங்கைத் தின்றுவிடும், டைமிங் தானாக விலகும். இறுக்கும் அளவும் வேறு: குட்டைக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீளத்துக்கு 157 முதல் 167. டைமிங் பெல்ட் மட்டும் மாற்றுவதானால் அந்த நடு போல்ட்டைத் தொடவே வேண்டாம். புல்லியைப் பிடித்திருக்கும் நாலு சின்ன போல்ட்டைக் கழற்றினால் போதும். நடு போல்ட்டை அவிழ்க்கும் தேவை, கிராங்க் ஆயில் சீல் மாற்றும்போது மட்டும்தான்.

பாக எண்ணைப் படிப்பது எப்படி

மாஸ்டாவின் பாக எண் மூன்று துண்டாக இருக்கும். டைமிங் பெல்ட் பி660-12-205. முதல் துண்டு அந்தப் பாகம் எந்த இன்ஜினுக்கு அல்லது வண்டிக்கு முதலில் உருவானது என்பதைச் சொல்லும். பின்னிரண்டு துண்டும் அது என்ன பாகம் என்பதைச் சொல்லும்: 12-205 டைமிங் பெல்ட், 14-302 ஆயில் ஃபில்டர், 41-920 கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சைத் தள்ளுவது). கடைசியில் ஏ, பி என்று எழுத்து ஒட்டியிருந்தால் அது திருத்தப்பட்ட பதிப்பு. பழைய எண்ணில் 'இருப்பு இல்லை' என்று வந்தால் சோர்ந்துவிடாதீர்கள், அடுத்த எழுத்தோடு அதே பாகம் கடையில் இருக்கக்கூடும்.

தேட வேண்டிய முதல் இடம் மாஸ்டாவே. 2017-இல் ஜப்பானில் என்ஏ வண்டிகளுக்கென்று புதுப்பிப்புத் திட்டத்தை அறிவித்து, நின்றுபோன பாகங்களை மறுபடி தயாரிக்க ஆரம்பித்தார்கள். மடக்குக் கூரைத் துணி, நார்டி கம்பெனியின் மர ஸ்டீயரிங் வீல், 185/60ஆர்14 அளவில் பிரிட்ஜ்ஸ்டோன் எஸ்எஃப்325 டயர் வரை அதில் உண்டு.

அடுத்து, ஜப்பான் கம்பெனிகளின் சந்தைப் பாகம். பிளக்குக்கு என்ஜிகே, பெல்ட்டுக்கு பாண்டோ அல்லது மிட்சுபோஷி, பேரிங்குக்கு என்டிஎன் அல்லது கோயோ, பிரேக் ரிப்பேர் கிட்டுக்கு செய்கென். பிளக் எண் பிகேஆர்5இ-11, இடைவெளி 1.0 முதல் 1.1 மி.மீ. என்ஜிகே பெயரில் டூப்ளிகேட் ஏராளம். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். மேடேறும்போது வண்டி திக்கினால் பிளக்கைக் குறை சொல்வதற்கு முன் பிளக் ஒயரை மாற்றிப் பாருங்கள், இந்த வண்டியில் முதலில் போவது அதுதான்.

உடைத்து விற்கும் யார்டில் என்ன வாங்கலாம்? கண்ணாடி, கண்ணாடி ஏற்றும் ரெகுலேட்டர், கதவுக் கைப்பிடி, சுவிட்ச், விளக்கைத் தூக்கும் மோட்டார், டிஃபரன்ஷியல் போன்றவை. 1.6-இன் காற்று அளவி, அதாவது மடல் வைத்த ஏஎஃப்எம் கிடைத்தாலும் எடுத்துவைக்கலாம். வாங்கும்போது மடலை விரலால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் போய்த் திரும்ப வேண்டும். பெட்ரோல் பம்ப்பை ஓடவைக்கும் சுவிட்சும் அதற்குள்தான் இருக்கிறது என்பதால், அது போனால் இன்ஜின் பற்றிய உடனே அணைந்துவிடும்.

ரப்பர் எதையும் பழையதாக வாங்காதீர்கள். பிரேக் ஹோஸ், கூலண்ட் ஹோஸ், சீல், சிலிண்டர் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். 'பெட்டி பிரிக்காத பழைய சரக்கு' என்று 1990-களின் ஹோஸை விற்பார்கள். அது உங்கள் வண்டியில் இருக்கும் ஹோஸின் வயதேதான். ரப்பர் ஓடித்தான் கெட வேண்டும் என்பதில்லை, அலமாரியில் கிடந்தே விறைத்துவிடும்.

டைமிங் கவரைத் திறந்தால் பெல்ட்டோடு அதை இறுக்கும் டென்ஷனர், அதைத் தாங்கும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப், கேம் சீல் இரண்டு ஆகியவற்றையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். பெல்ட்டின் ஆயுள் 60,000 மைல், ஏறக்குறைய 96,000 கி.மீ. அறுந்தாலும் இந்த இன்ஜினில் வால்வு பிஸ்டனில் இடிக்காது. நடுரோட்டில் நிற்பீர்கள், அவ்வளவே. என்றாலும் பம்ப்பை விட்டுவிட்டு பெல்ட்டை மட்டும் மாற்றினால், அடுத்த வருஷம் பம்ப் ஒழுகும்போது அதே வேலையை மறுபடி செய்ய வேண்டியிருக்கும்.

பத்து ரூபாய் ஓ-ரிங்

1.6-இல் இன்ஜினின் பின்பக்கம், கேம் ஷாஃப்ட்டின் முனையில் கேம் கோணத்தை அளக்கும் சென்சார் ஒன்று செருகியிருக்கும். அதன் ஓ-ரிங் முப்பது வருஷத்தில் கல்லாகிவிடுகிறது. அங்கிருந்து கசியும் ஆயில் நேராகக் கீழே இருக்கும் ஹீட்டர் ஹோஸில் சொட்டி அதை ஊதிப்போகச் செய்யும், பிறகு பெல் ஹவுசிங் வழியாக வடிந்து நிற்கும். அடியில் படுத்துப் பார்ப்பவர் 'கிராங்க் பின் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும்' என்பார். இறக்குவதற்கு முன் சென்சாருக்குக் கீழே கையை விட்டுத் துடைத்துப் பாருங்கள், விரலில் ஆயில் ஒட்டினால் கசிவு மேலேதான்.

மாற்றுவது அரை மணி வேலை. சென்சார் உடலும் சிலிண்டர் ஹெட்டும் சேரும் இடத்தில் முதலில் ஊசியால் ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். 12 மி.மீ. போல்ட் ஒன்றுதான், அவிழ்த்து ஆட்டி இழுத்தால் வரும். பழைய வளையம் கறுத்து, தட்டையாக, வளைத்தால் ஒடியும் நிலையில் இருக்கும். காடியைத் துடைத்து, புதிய வளையத்தில் ஆயில் தடவி மாட்டி, கீறலோடு கீறல் சேர்த்து முடுக்குங்கள். முடிந்ததும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டென் (TEN), ஜிஎன்டி (GND) என்று எழுதிய முனைகளை ஒயரால் இணைத்து, பிளக் பொறியின் டைமிங் டைமிங் லைட்டில் 10 டிகிரியில் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இன்ஜின் ஆயில்

மிதமான ஊருக்கு 10டபிள்யூ-30, பனி கொட்டும் ஊருக்கு 5டபிள்யூ-30, வெயில் ஊருக்கு 10டபிள்யூ-40. ஃபில்டரோடு மாற்றினால் 1.6 மூன்றரை லிட்டரை ஒட்டி வாங்கும், 1.8 நாலுக்குச் சற்றுக் குறைவாக. மூன்று லிட்டர் ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு அணைத்து, குச்சியைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள். வடிகால் போல்ட் 19 மி.மீ. ஸ்பேனர், 30 முதல் 41 நியூட்டன் மீட்டர், வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது.

காலையில் மேலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் டேப்பெட்டுகளில் ஆயில் இறங்கிப்போய்விட்டது என்று அர்த்தம். இதற்குக் கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்வார்கள், அது நேர்மாறான வைத்தியம். டேப்பெட்டின் நுண்துளைக்குள் மெல்லிய ஆயில்தான் சீக்கிரம் போகும். நல்ல 5டபிள்யூ-30 சிந்தெடிக் போட்டு, அடுத்த இரண்டு தடவை 5,000 கி.மீ.க்குள்ளேயே மாற்றுங்கள். 1995 மாடல் முதல் ஆயில் பிரஷர் மீட்டர் வெறும் சுவிட்ச்சால் ஓடுவது, முள் எப்போதும் நடுவில்தான் நிற்கும். அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

கியர் பாக்ஸும் டிஃபரன்ஷியலும்: ஒரே டப்பா வேண்டாம்

ஐந்து கியர் பாக்ஸுக்கு 75டபிள்யூ-90, 2 லிட்டர். மாஸ்டா கையேடு ஜிஎல்-4, ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரம் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனால் ஜிஎல்-4 மட்டுமே போடுங்கள். காரணம் சிங்க்ரோ வளையம். கியர் விழும்போது அந்தப் பித்தளை வளையம் கூம்பைக் கவ்விப் பிடித்து வேகத்தைச் சமன்செய்ய வேண்டும், அதற்கு உரசல் தேவை. ஜிஎல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த சேர்மானம் அதிகம். வளையம் வழுக்கும், பழைய தயாரிப்பாக இருந்தால் கந்தகம் பித்தளையை அரிக்கவும் செய்யும். குளிர்ந்த வண்டியில் இரண்டாவது கியர் 'கரக்' என்று உறுமுவது இதன் முதல் அறிகுறி. ரெட்லைன் எம்டி-90 போன்ற ஜிஎல்-4 ஆயிலுக்கு மாறியதும் பல வண்டிகளில் அது அடங்கிவிடுகிறது.

கியர் லீவருக்கு அடியில் தனியாக ஒரு கிண்ணம் உண்டு, அதற்குச் சுமார் 90 மில்லி அதே ஆயில். பாக்ஸை நிரப்பினால் இது நிரம்பாது. லீவர் ஆடி, கேபினுக்குள் சூடும் இரைச்சலும் ஏறினால் கீழ் ரப்பர் கிழிந்து அந்தக் கிண்ணம் காய்ந்திருக்கும்.

டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 தான் வேண்டும். அங்கே பித்தளை இல்லை, பல்லோடு பல் சறுக்கி அழுத்தும் கியர் இருக்கிறது. 6 அங்குலத்துக்கு 0.65 லிட்டர், 7 அங்குலத்துக்கு 1 லிட்டர். டார்சன், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைத் தடுக்கும் டிஃபரன்ஷியல் இருந்தால் உரசலைக் குறைக்கும் சேர்மானம் எதையும் கலக்காதீர்கள், அது வேலை செய்வதே உரசலை நம்பித்தான்.

இரண்டிலும் ஆயில் வடிப்பதற்கு முன்பே நிரப்பும் போல்ட்டை அவிழ்த்துப் பாருங்கள். 24 மி.மீ., சில வண்டிகளில் 23. ஆறு முனை சாக்கெட் போடுங்கள், பன்னிரண்டு முனை போட்டால் தலை உருண்டுவிடும். வடித்த பிறகு நிரப்பும் போல்ட் வர மறுத்தால் வண்டி நகராது.

கூலண்ட்

எத்திலீன் கிளைக்காலில் பாஸ்பேட் உள்ள, சிலிக்கேட் இல்லாத ஜப்பான் வகை கூலண்ட். மொத்தம் 6 லிட்டர், பாதிக்குப் பாதி காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் கூடாது, அலுமினிய ஹெட்டுக்குள் உப்புப் படியும். ரேடியேட்டரை மட்டும் வடித்தால் 6 லிட்டரும் வராது, மீதி இன்ஜினுக்குள் நிற்கும். அதனால் முன்கூட்டியே கலந்த டப்பாவை ஊற்றினால் விகிதம் நீர்த்துவிடும். காய்ச்சி வடித்த நீரால் தெளிவாக வரும்வரை அலசி, வடித்து, முதலில் கலக்காத கூலண்ட் 3 லிட்டரை ஊற்றி, மீதியை நீரால் நிரப்புங்கள். வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்து, மூடி திறந்தபடியே மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டால் காற்று வெளியேறும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தலை பழுப்பாக மாறியிருந்தால் எதையும் ஊற்றுவதற்கு முன் ரேடியேட்டரையே மாற்றிவிடுங்கள். விரிசல் விடப்போவது நிச்சயம்.

மற்றவை

பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் டாட் 3 அல்லது டாட் 4 தரப் பிரேக் ஆயில். புதிய டாட் 3-இன் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, டாட் 4-க்கு 230. ஈரம் உறிஞ்சியதும் இவை 140, 155 என்று இறங்கிவிடும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது அதனால்தான். சிலிகானாலான டாட் 5-ஐ இதில் சேர்க்கவே கூடாது. கிளட்ச் பெடல் தரையோடு போனால் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் தொப்பியைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமிருந்தால் பெடல் பக்கத்து மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்று புதிதானால் மற்றது சில மாதத்தில் ஒழுக ஆரம்பிக்கும்.

பவர் ஸ்டீயரிங்குக்கு டெக்ஸ்ரான் 2 வகை ஏடிஎஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில். பேட்டரி டிக்கிக்குள் இருப்பதால், அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையை வாங்கி, அதன் காற்றுக் குழாய்களை மறக்காமல் மாட்டுங்கள். சாதாரண அமில பேட்டரி வைத்தால், கசியும் ஆவி அந்த மூலையின் தகட்டைத் துருப்பிடித்து ஓட்டையாக்கிவிடும்.