ரேந்தைக்குப் புள்ளி வைக்க இங்க்ஸ்கேப்

இடையன்குடி ரேந்தையை, அதாவது பாபின் என்னும் சிறு நூல்கட்டைகளால் பின்னும் லேஸைப் பற்றி நம் திருநெல்வேலிக்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். 1844-இல் கால்டுவெல்லை மணந்து நாகர்கோவிலிலிருந்து வந்த எலிசா அம்மையார் ஊர்ப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை அது. ஊசி குத்திக் குத்தி நைந்துபோன பழைய புள்ளி அட்டையைப் பார்த்துப் புது டிசைன் போடத் திணறுகிறவர்களுக்கும், பாபினை இப்போதுதான் கையில் எடுத்தவர்களுக்கும் இந்தப் பதிவு.

முதலில் ஒன்று: லேஸையே படமாக வரையப் பார்க்காதீர்கள். நமக்கு வேண்டியது ஊசி இறங்கும் புள்ளிகள் மட்டும். டார்ஷன் என்ற லேஸ் வகையில் தொடங்குங்கள். ஊடுபுள்ளிக் கோலம் போடுகிற கைக்கு இதில் பாதி வேலை தெரியும். முன் வரிசையின் இரு புள்ளிகளுக்கு நடுவே அடுத்த வரிசைப் புள்ளி, சாய்வு 45 பாகை.

இங்க்ஸ்கேப் படம் வரையும் இலவச மென்பொருள். இறக்கியதும் ஃபைல் மெனுவில் டாக்குமென்ட் ப்ராப்பர்டீஸ் திறந்து, அளவை மில்லிமீட்டருக்கும் தாளை ஏ4-க்கும் மாற்றுங்கள்.

வட்டக் கருவியை எடுத்துச் சின்னதாக ஒரு வட்டம். மேலே ஆர்எக்ஸ், ஆர்ஒய் இரண்டிலும் 0.4 மி.மீ. கொடுங்கள். இதுதான் முதல் புள்ளி. இனி மவுஸால் இழுக்க வேண்டாம். கண்ணளவு நம்மை ஏமாற்றும். கன்ட்ரோல்+டி அழுத்தி நகல் எடுத்து, ஆப்ஜெக்ட் மெனுவின் டிரான்ஸ்ஃபார்மில் 'ரிலேட்டிவ் மூவ்' டிக் இருக்கிறதா என்று பார்த்து, குறுக்கே 2.5, கீழே 2.5 மி.மீ. நகர்த்துங்கள். இரண்டையும் சேர்த்து கன்ட்ரோல்+ஜி. அந்த ஜோடியை நகலெடுத்துக் குறுக்கே 5, கீழே 0 என்று நகர்த்திக்கொண்டே போனால் ஒரு பட்டை வரும். பட்டையை மொத்தமாகக் குரூப் செய்து, நகலெடுத்துக் கீழே 5, குறுக்கே 0. அவ்வளவுதான், தரை (லேஸின் வலைப் பகுதி) தயார்.

வலது ஓரம் நேராக நிற்கட்டும். துணியோடு தைக்கிற பக்கம் அது. இடது ஓரத்தில் விசிறி வடிவ வேலைப்பாடு. எல்லா குரூப்பையும் கலைத்துவிட்டு, விசிறி வர வேண்டிய முக்கோணத்தின் உள்புள்ளிகளை அழியுங்கள். வெளி விளிம்புப் புள்ளிகளை மட்டும் வளைவாகத் தள்ளி வையுங்கள். இந்த ஒரு இடத்தில் கண்ணளவு போதும்.

அடுத்து தனி லேயரில் (அடுக்கில்) நூல் ஓடும் வழியை வரையுங்கள். ஒவ்வொரு கோடும் ஒரு ஜோடி பாபின். பெல்ஜியத்தில் பின்னும் தையலின் வகைக்கேற்ப இதற்கு நிறக்கணக்கு உண்டு: துணித்தையலுக்கு ஊதா, அரைத்தையலுக்குப் பச்சை, முழுத்தையலுக்குச் சிவப்பு. அதையே பிடித்துக்கொண்டால் வெளிநாட்டுப் புத்தகப் படங்களும் தடையில்லாமல் புரியும்.

அச்செடுக்கும்போதுதான் பலருக்குச் சறுக்குகிறது. தாளின் மூலையில் 100 மி.மீ. கோடு ஒன்று போட்டுவைத்து, கோடுகள் உள்ள லேயரை மறைத்து, பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். ஜெராக்ஸ் கடையில் 'ஃபிட் டு பேஜ்' வேண்டாம், 'ஆக்சுவல் சைஸ்' என்று சொல்லுங்கள். கடையை விட்டு இறங்குமுன் ஸ்கேலால் அந்தக் கோட்டை அளந்துவிடுங்கள்.

பிறகு தாளைக் கெட்டி அட்டையில் ஒட்டி, விசிறி இரண்டு மட்டும் பின்னிப் பாருங்கள். நூல் நெருக்கினால் மொத்தப் படத்தையும் 110 சதவீதம் பெரிதாக்குங்கள், தொளதொளத்தால் 90.