பால் ஆகாத மகளுக்கு ராகி

பெங்களூரு அல்சூரில் குடியிருக்கிறோம். மகளுக்கு ஒரு வயது முடிந்ததும் ஆசையாகப் பசும்பால் கொடுத்தேன். கால் மணி நேரத்தில் உதட்டைச் சுற்றிச் சிவந்துவிட்டது, வயிறெங்கும் கொசு கடித்ததுபோல் தடிப்பு. பதறிப்போய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பாலிலுள்ள கேசின், வே புரதங்களை உடம்பு எதிரியாக நினைப்பதுதான் அலர்ஜியாம். பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் வயிறு உப்புவது வேறு. அதனால் லாக்டோஸ் நீக்கிய பாலும் இவளுக்கு ஆகாது. ஆட்டுப்பாலும் அப்படித்தான், புரதம் கிட்டத்தட்ட ஒன்றே. மூச்சு இழுத்தால் ஒரு நிமிடம்கூட வீட்டில் காத்திருக்கக் கூடாது என்றார்.

என் கவலையெல்லாம் கால்சியம்தான். 100 மில்லி பாலில் சுமார் 120 மில்லிகிராம் இருக்கிறது. 100 கிராம் ராகியில் 340க்குக் குறையாது. ஆனால் ஒரு கிண்ணக் கூழுக்கு 20 கிராம் மாவுதானே போகும்! அதனால் ராகியை முளைகட்டி, காயவைத்து, மில்லில் அரைத்துக் காலையும் மாலையும் கொடுக்கிறேன். வைட்டமின் பி12க்கு முட்டை, அப்புறம் முள்ளோடு மசித்த நெத்திலி.

பிஸ்கட் பாக்கெட்டில் வே பவுடர், பால் திடப்பொருள் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதே இல்லை. வளர வளரப் பல குழந்தைகளுக்கு இது சரியாகிவிடுமாம். மறுபடி பால் கொடுத்துப் பார்ப்பது டாக்டர் முன்னால்தான்.