‘சாண்ட்ஃப்ளை’ என்றால் எந்தப் பூச்சி?

நியூசிலாந்து போகிற ஒரு சுற்றுலாக் குழுவுக்காகக் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மில்ஃபோர்ட் சவுண்ட் பகுதியில் ‘சாண்ட்ஃப்ளை’ கடிக்கும், முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று அதில் ஒரு வரி. அகராதியில் ‘மணல் ஈ’ என்றிருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அதிகப்பிரசங்கித்தனமாக ‘காலா அசார் நோயைப் பரப்பக்கூடியது’ என்று நானே ஒரு குறிப்பு சேர்த்தேன். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் டிக்கெட்டை ரத்து செய்யக் கிளம்பிவிட்டார். “சார், அந்த ஊர்ல அந்த நோயே இல்லையாமே?” என்று பயண ஏற்பாட்டாளர் போனில் கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

சாண்ட்ஃப்ளை என்ற பெயரில் மூன்று வெவ்வேறு பூச்சிகள் திரிகின்றன. நியூசிலாந்துக்காரர் சொன்னால் அது கறுப்பான, முதுகு கூனிய குட்டி ஈ. மற்ற நாடுகளில் இதன் இனத்தை ‘பிளாக் ஃப்ளை’ என்பார்கள். மாவோரி மொழியில் ‘நமு’. 1773இல் டஸ்கி சவுண்டில் தங்கிய கேப்டன் குக்கே இதன் கடியைப் பற்றி நொந்து எழுதியிருக்கிறார். கடிக்கும், அரிக்கும், ஆனால் அங்கே மனிதருக்கு நோய் எதையும் கொண்டுவருவதில்லை. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்திலோ கரீபியன் தீவுகளிலோ அதே பெயரைக் கேட்டால், அது பெரும்பாலும் கடற்கரைச் சேற்றில் பிறக்கும் ‘மிட்ஜ்’ என்ற பொடிப்பூச்சி. மருத்துவ நூலில் வந்தால்தான் நான் எழுதிய மணல் ஈ: இறக்கைகளைத் தூக்கி விரித்தபடி உட்காரும், இரவில் கடிக்கும், பீஹாரில் காலா அசாரைப் பரப்பும்.

அதனால் இப்போதெல்லாம் அகராதிக்கு முன்னால் வரைபடத்தைத்தான் திறக்கிறேன். பேசுகிறவர் எந்த ஊர்க்காரர், எந்த ஊரைப் பற்றிப் பேசுகிறார்? இந்த இரண்டும் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஊர் தெரிந்தும் குழப்பம் தீரவில்லையா? தண்ணீரைத் தேடுங்கள். பத்தியில் வேகமாக ஓடும் ஆறோ ஓடையோ வந்தால் பிளாக் ஃப்ளையாக இருக்க வாய்ப்பு அதிகம். அதன் புழு ஓடும் நீரில்தான் வளரும். அமெரிக்காவின் தென்பகுதியில் இதற்கே ‘பஃபலோ நேட்’ என்று பெயர், எருமை ஈ என்று எழுதி வைக்காதீர்கள். சதுப்பும் ஈர மண்ணும் வந்தால் மிட்ஜ். தேங்கிய நீர் என்றால் நம் கொசு. அப்புறம் நேரத்தைப் பாருங்கள்: பிளாக் ஃப்ளை பகல் பேர்வழி, ஸ்காட்லாந்து மிட்ஜுக்கு விடியலும் அந்தியும்தான் தோது, காற்று சற்றுப் பலமாக வீசினால் பறக்கவே பறக்காது.

இந்த மிட்ஜுக்குத்தான் எத்தனை செல்லப்பெயர்! ஸ்காட்லாந்தில் ‘மிட்ஜி’. அங்குள்ள கேலிக் மொழியில் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கும் குட்டி ஈ என்றுதான் பொருள். அமெரிக்காவின் ஜார்ஜியா கடற்கரையில் ‘சாண்ட் நேட்’. சவானா நகரின் பேஸ்பால் அணி ஒன்று 2015 வரை இந்தப் பெயரில்தான் ஆடியது. நியூயார்க்கின் மலைப்பக்கம் ‘பங்கி’, இது செவ்விந்தியச் சொல் ஒன்று டச்சுக்காரர் வாய்வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. எனக்குப் பிடித்தது ‘நோ-சீ-அம்’. ‘கண்ணுக்குத் தெரியாது’ என்பதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும். கூடாரம் விற்கிறவர்கள் ‘நோ-சீ-அம் மெஷ்’ என்று எழுதினால் ‘கொசுவலை’ என்று மாற்றிவிடக் கூடாது. சாதாரணக் கொசுவலையின் கண்ணியில் இது நுழைந்துவிடும். ‘மிக நெருக்கமான கண்ணி உள்ள வலை’ என்று நீட்டியே எழுதுங்கள், வாங்குகிறவருக்குக் காசு வீணாகாது.

‘மார்ச் ஃப்ளை’ இன்னொரு கண்ணி. ஆஸ்திரேலியர் சொன்னால் ரத்தம் குடிக்கும் பெரிய ஈ. இதையே மற்ற நாட்டவர் ‘ஹார்ஸ்ஃப்ளை’ என்பார்கள், ஸ்காட்லாந்தில் இதன் இனம் ஒன்றுக்கு ‘க்ளெக்’ என்று பெயர். அமெரிக்கர் மார்ச் ஃப்ளை என்றால், அது யாரையும் கடிக்காத ஒரு சாது.

‘சிகர்’, ‘ஜிகர்’ இரண்டையும் அவசரத்தில் மாற்றிப் போடாதவர் குறைவு. சிகர் பூச்சியே அல்ல, உண்ணிக்கு உறவான சிற்றுயிரின் ஆறு கால் குஞ்சு. அமெரிக்கத் தென்பகுதியில் ‘ரெட் பக்’, இங்கிலாந்தில் ‘ஹார்வெஸ்ட் மைட்’. நம் பக்கம் ‘ஸ்க்ரப் டைஃபஸ்’ காய்ச்சலைக் கொண்டுவருவதும் இந்த வகைக் குஞ்சுதான். ஜிகரோ தெள்ளுப்பூச்சி இனம். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் கரீபியனிலும் பெண் பூச்சி பாதத் தோலுக்குள்ளேயே புதைந்துகொள்ளும். பெயர்க் குழப்பத்தாலோ என்னவோ, சிகரும் தோலுக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து, மூச்சுமுட்டிச் சாகட்டும் என்று கடிவாயில் நகப்பூச்சு தடவுகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் உண்டு. அது உள்ளே போவதில்லை, பூச்சு வீண்.

‘மோஸி’ ஆஸ்திரேலியக் கொசு, ‘ஸ்கீட்டர்’ அமெரிக்கக் கொசு. இவற்றில் சிக்கல் இல்லை. யாழ்ப்பாணத்து வாசகருக்கு என்றால் மட்டும் நுளம்பு என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் பிடிபடாவிட்டால் ஆங்கிலப் பெயரை அப்படியே தமிழ் எழுத்தில் போட்டு, பக்கத்தில் அதன் அளவையும் கடிக்கும் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். புதுத் தமிழ்ப் பெயர் சூட்டும் ஆசையை மட்டும் அடக்குங்கள், எனக்கே கஷ்டம்தான்.

அந்தக் கையேட்டில் இப்போது இப்படி இருக்கிறது: ‘ஆற்றோரத்திலும் கடலோரத்திலும் சாண்ட்ஃப்ளை என்ற சிறு கறுப்பு ஈ பகலில் கடிக்கும். அரிப்பு சில நாள் இருக்கும். நோய் வராது.’ பெரியவர் போய்விட்டு வந்தார். கணுக்கால் இரண்டையும் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார், சிவப்புப் புள்ளிகளை எண்ணி முடியவில்லை.