பட்டாளத்திலிருந்து வந்து விடுதி வைத்த பாட்டனைத் தேடுவது எப்படி?

மலேசியாவின் சிலாங்கூரில் ரவாங், காஜாங், கோல சிலாங்கூர் என்று தோட்டங்களை ஒட்டி வளர்ந்த நம் ஊர்களில் சில வீடுகளில் ஒரு பேச்சு உண்டு: "நம்ம பாட்டன் பட்டாளத்துல இருந்தவரு, அப்புறம் இங்க வந்து சத்திரம் வச்சாரு." இதைக் கேட்டதும் எல்லாரும் பட்டாளத்தைத் தேடித்தான் ஓடுகிறார்கள். முதலில் சத்திரத்தைத் தேடுங்கள். சென்னைப் படையில், அதாவது பிரிட்டிஷாரின் மதராஸ் ராணுவத்தில், சாதாரணச் சிப்பாயாக இருந்த இந்தியருக்குத் தனி ஊழியக் கோப்பு கிடைப்பது அரிது. அதே ஆள் நாலு பேரைத் தங்கவைத்துச் சோறு போட்டுக் காசு வாங்க ஆரம்பித்துவிட்டால் நிலம், உரிமம், கடன், வழக்கு என்று ஏதாவது ஒரு காகிதத்தில் பெயர் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அதற்கும் முன்னால் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள், இந்த வாரமே. முக்கியமாகப் பாட்டி, அத்தை, சின்னம்மா. ஆண்கள் சண்டைக் கதை சொல்வார்கள். யார் எந்தத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டார்கள், எந்தப் பிள்ளை சின்ன வயதிலேயே போய்விட்டது, இரண்டாம் தாரம் உண்டா, விடுதியில் உலை வைத்தது யார், வாடிக்கையாக வந்து தங்கியவர்கள் மாட்டுவண்டிக்காரர்களா கங்காணிகளா, இதெல்லாம் பெண்களுக்குத்தான் தெரியும். பேசும்போது போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், இடையில் திருத்தாதீர்கள், ஒரே கதையை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது டிரங்குப் பெட்டி. பதக்கம் இருந்தால் பாலீஷ் போடாமல் விளிம்பைப் பாருங்கள், விக்டோரியா காலத்துப் பதக்கங்கள் பலவற்றில் வீரரின் பெயரும் படைப்பிரிவும் அங்கேதான் இருக்கும். முன்பக்கம் விக்டோரியா ராணி, சிவப்பு நாடாவில் இரண்டு நீலக் கோடு, மேலே ஒரு பட்டையில் 'பேராக்' என்று இருந்தால் அது 1875-76 பேராக் போருக்குக் கொடுத்தது. பாசிர் சாலாக்கில் 1875 நவம்பர் 2 அன்று பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடென்டான பர்ச் துரை கொல்லப்பட்ட பிறகு நடந்த போர் அது. பட்டையில் 'பெகு' என்றிருந்தால் ஆள் 1850களின் பர்மா சண்டையைப் பார்த்தவர். பதக்கப் பட்டியல்கள் லண்டனில் இருக்கின்றன, படைப்பிரிவு தெரிந்தால் மட்டுமே அவை பயன்படும்.

பதக்கம் இல்லையென்றால் காலத்தை வைத்துச் சலிக்கலாம். பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் 1867 ஏப்ரல் 1 அன்று இந்திய நிர்வாகத்திலிருந்து லண்டன் காலனி அலுவலகத்துக்கு மாறின. அதுவரை பல காலம் அங்கே காவல் இருந்தவை பெரும்பாலும் சென்னைப் படையின் காலாட்படைகள். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற இடப்பெயர் நிலைத்தது இப்படிச் சிப்பாய்கள் இருந்ததால்தான். பாட்டன் 1880க்கு மேல் பிறந்தவர் என்றால் அந்தப் படை அவருடையது அல்ல. தைப்பிங்கில் இருந்த பேராக் சீக்கியர் படையிலும் 1896இல் உருவான மலாய் மாநில கைட்ஸ் படையிலும் பெரும்பாலும் சீக்கியரும் பட்டாணியரும்தான் சேர்ந்தார்கள், அதனால் தமிழ்க் குடும்பத்தில் 'பட்டாளம்' என்று சொல்வது போலீஸ் வேலையாகவும் இருக்கலாம், அதையும் கேட்டுப் பாருங்கள்.

சரி, விடுதிக்கு வருவோம். கடை இருந்த இடம் தெரிந்தால் அந்த நிலத்தின் லாட் எண்ணைக் கண்டுபிடியுங்கள், பழைய நிலவரி ரசீதில் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு மாவட்ட நில அலுவலகத்தில் கட்டணம் கட்டி 'சாரியான்', அதாவது நிலப் பதிவேட்டுத் தேடல், கேளுங்கள். இன்றைய பட்டாவோடு திருப்தி அடையாமல், அதற்கு முந்தைய பதிவேடு எது என்று கேட்டுப் பின்னோக்கிப் போக வேண்டும். செட்டியாரிடம் அடகு வைத்தது, மீட்டது, மகன் பெயருக்கு மாறியது எல்லாம் பதிவாகியிருந்தால், குடும்ப மரத்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹலிமில் உள்ள ஆர்க்கிப் நெகாராவில் (தேசிய ஆவணக் காப்பகம்) சிலாங்கூர் செயலகக் கோப்புகள் இருக்கின்றன. அந்தக் காலத்தில் மனு போடாத விஷயமே இல்லை. உரிமம் கேட்டு, வரி குறைக்கச் சொல்லி, பக்கத்துக் கடைக்காரன் மேல் புகார் சொல்லி எழுதியிருப்பார்கள். கோப்புத் தலைப்புகளை வீட்டிலிருந்தே இணையத்தில் தேடிக் குறித்துக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சம். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தளமும் இலவசம், 1845இல் தொடங்கிய ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் அதில் இருக்கிறது.

தேடும்போது பெயரை ஒரே எழுத்துக்கூட்டில் தேடாதீர்கள். ராமசாமியை ராம்சாமி, ராமசமி என்றெல்லாம் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். பல செய்திகளில் பெயரே இருக்காது, 'கிளிங்' ஒருவர் என்று மட்டும் இருக்கும், தென்னிந்தியரை அப்போது அப்படித்தான் குறிப்பிட்டார்கள். இன்று நமக்கு வலிக்கிற சொல்தான், ஆனாலும் ஊர்ப் பெயரோடு அதையும் சேர்த்துத் தேடினால்தான் நம் ஆட்கள் வெளியே வருவார்கள்.

கோயில் கல்வெட்டையும் உபயப் பட்டியலையும் சுடுகாட்டுக் கல்லையும் படம் எடுங்கள். கல்லில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள்: துன்முகி என்பது 1896-97ஆகவும் இருக்கலாம், 1956-57ஆகவும் இருக்கலாம். மகன் அல்லது பேரனின் இறப்புப் பத்திரத்தோடு ஒட்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் வேலை சுலபம், பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பா, அம்மா, ஞானப் பெற்றோர் எல்லார் பெயரும் இருக்கும்.

தமிழ்நாட்டுப் பயணத்தைக் கடைசியில் வையுங்கள். 'தஞ்சாவூர் பக்கம்' என்ற அளவில் தெரிந்துகொண்டு எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போய் நின்றால் செலவுதான் மிஞ்சும். கிராமம், தாலுகா, குலதெய்வம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு உறுதியான பிறகு டிக்கெட் எடுங்கள்.