பழைய ஸ்கைலைனுக்கு உதிரிபாகம் தேடுகிறீர்களா?

1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஆர்32 ஜிடி-ஆர் போன்ற காருக்குப் பாகத்தின் பெயரைச் சொல்லித் தேடினால் நாள்தான் வீணாகும். பாக எண்ணைக் கொண்டு தேடுங்கள். நிசானின் எண் ஐந்து ஐந்தாகப் பிரியும்: முதல் ஐந்து அது என்ன பாகம் என்பதையும், அடுத்த ஐந்து எந்த வகை என்பதையும் காட்டும். பழைய எண் நின்றுபோயிருந்தாலும் அதற்குப் பதிலாகப் புதிய எண் வந்திருக்கலாம்.

நிஸ்மோ ஹெரிடேஜ் என்ற பெயரில் 2017 இறுதியிலிருந்து நிசான் நிறுவனமே சில பாகங்களை மறுபடி தருகிறது. டொயோட்டாவும் சுப்ரா ஏ70, ஏ80 கார்களுக்கு இதைச் செய்கிறது. விலை கசக்கும். ஆனாலும் பிரேக், பெட்ரோல் குழாய் என்றால் கணக்குப் பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.

டாஷ்போர்டு கிளிப், மூடி போன்ற சில்லறைச் சாமான்களை முப்பரிமாண அச்சில் செய்துகொள்ளலாம். உடைந்ததைத் தூக்கி எறியாதீர்கள்; அளவெடுக்க அதுதான் ஆதாரம். பிஎல்ஏ பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம். அது சுமார் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டு அந்தச் சூட்டை எளிதாக எட்டும். ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக்கைப் பயன்படுத்துங்கள்; அது வெப்பத்தோடு புற ஊதாக் கதிரையும் தாங்கும்.