எல்.எல்.ஆர். தேர்வு: சாலையில் பார்த்ததை விடையாக எழுதாதீர்கள்

நான் பார்த்தவரை எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமத்துக்கான தேர்வில் தடுமாறுகிறவர்கள் வண்டி தெரியாதவர்கள் அல்ல. அப்பாவின் பைக்கைக் கடைத்தெரு வரை ஓட்டிப் பழகியவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். திரையில் கேள்வி வந்ததும் அவர்கள் மனதில் ஓடுவது தினமும் பார்க்கும் சாலை. மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்? நம் சிக்னல்களில் மஞ்சள் வந்தால் ஆக்சிலரேட்டரை முறுக்குவார்கள். அதனால் 'வேகமாகக் கடந்துவிட வேண்டும்' என்ற விடைக்குக் கை தானாகப் போகிறது. விதி சொல்வது, நிறுத்தக் கோட்டுக்கு முன் நிற்க வேண்டும் என்று. பாதுகாப்பாக நிறுத்த முடியாத அளவுக்குக் கோட்டை நெருங்கிவிட்டவர் மட்டும் கடந்து போகலாம்.

தேர்வில் என்ன கேட்பார்கள் என்பது ரகசியம் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 11ஆவது விதி அதைச் சொல்லிவிடுகிறது: போக்குவரத்துச் சின்னங்கள், சிக்னல்கள், சாலை விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில்வே கிராசிங்கைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி. கேள்விகளின் எண்ணிக்கை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. 60 தானே என்று சின்னங்களை மட்டும் புரட்டிவிட்டுப் போவது பலரும் செய்யும் தவறு. கேள்விகள் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை வரும் என்பது உங்கள் கையில் இல்லை.

பழக்கம் நம்மை ஏமாற்றும் இடங்களைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு படிப்பதுதான் நல்ல வழி. நாற்சந்தியில் நேராகப் போவதற்கு நான்கு இண்டிகேட்டரையும் போடுவது தமிழ்நாட்டில் எங்கும் பார்க்கும் காட்சி. அது தவறு. அந்த விளக்கு, வண்டி பழுதாகி நிற்கிறது அல்லது ஆபத்து இருக்கிறது என்று மற்றவர்களை எச்சரிக்க. நேராகப் போக எந்த இண்டிகேட்டரும் வேண்டாம். சிக்னலோ போலீஸ்காரரோ இல்லாத சந்திப்பில் பெரிய வண்டி முதலில் போகும் என்பது நம் ஊர் வழக்கம். 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, பிரதான சாலையில் வருகிற வண்டிக்கே முன்னுரிமை. சந்திப்பில் அப்படி வேறுபாடு இல்லையென்றால் உங்கள் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். ரவுண்டானாவில் ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு முதல் உரிமை.

மலைப்பாதைக் கேள்வியிலும் இதே கதைதான். 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில், இரண்டு வண்டிக்கு இடமில்லாத இடத்தில் மேலே ஏறுகிற பஸ்ஸும் கீழே இறங்குகிற காரும் எதிரெதிரே வந்தால் யார் ஒதுங்க வேண்டும்? இறங்குகிறவர்தான். ஏற்றத்தில் நிறுத்திய பாரவண்டியை மறுபடி நகர்த்துவது எவ்வளவு கஷ்டம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். காரணத்தோடு படித்தால் இந்த விடை ஒருநாளும் மறக்காது.

கை சைகைகளைப் பலர் படிப்பதே இல்லை, இண்டிகேட்டர் இருக்கும்போது எதற்கு என்று. அதுவும் கேள்வியாக வரும். ஸ்டியரிங் வலப்பக்கம் இருப்பதால் எல்லாச் சைகையும் வலது கைதான், இடப்பக்கம் திரும்புவதற்கும்கூட. வலக்கையை வெளியே நீட்டி, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகச் சுழற்றினால் இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று பொருள். உள்ளங்கை முன்னால் பார்க்கக் கையைக் கிடையாக நீட்டினால் வலப்பக்கம். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மேலும் கீழும் அசைத்தால் வேகம் குறைக்கிறேன். முன்கையைச் செங்குத்தாக உயர்த்தினால் நிறுத்தப் போகிறேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான்கைந்து தடவை செய்து பாருங்கள், போதும்.

சின்னங்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. முதலில் வடிவத்தைப் பிடியுங்கள். முக்கோணம் எச்சரிக்கை, வட்டம் கட்டளை, நீலச் செவ்வகம் தகவல். 'நில்' மட்டும் எண்கோணம், 'வழி விடு' தலைகீழ் முக்கோணம். இதை வைத்தே பாதி விடைகளைக் கழித்துவிடலாம். வலப்பக்கம் வளைந்த அம்புக்குறி முக்கோணத்துக்குள் இருந்தால் முன்னால் வலது வளைவு. சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோட்டோடு இருந்தால் வலப்பக்கம் திரும்பக் கூடாது. அவசரத்தில் அம்பை மட்டும் பார்த்து வட்டத்தை விட்டுவிடுகிறவர்கள்தான் தவறாகத் தொடுகிறார்கள். இரட்டையராக வரும் சின்னங்களைச் சேர்த்தே படியுங்கள்: ஒரு கோடு போட்டது வண்டியை விட்டுவிட்டுப் போகக் கூடாத இடம், பெருக்கல் குறி போட்டது சிறிது நேரம்கூட நிறுத்தக் கூடாத இடம். சிவப்பு வளையத்துக்குள் 50 என்றால் அதற்கு மேல் போகாதே, நீல வட்டத்துக்குள் 50 என்றால் அதற்குக் கீழே போகாதே. ஹார்ன் படம் நீல வட்டத்தில் இருந்தால் கட்டாயம் அடி, சிவப்பு வட்டத்தில் கோடு போட்டிருந்தால் அடிக்காதே.

ரயில்வே கிராசிங் கேள்வியை 'இப்போதெல்லாம் ஆளில்லாத கேட் எங்கே இருக்கிறது' என்று தள்ளிவிடுகிறார்கள். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கிராசிங்குகள் 2019 ஜனவரிக்குள் அகற்றப்பட்டது உண்மைதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 131ஆவது பிரிவும் தேர்வு விதியும் அப்படியேதான் இருக்கின்றன. வண்டியை நிறுத்தி, கண்டக்டரோ கிளீனரோ உடன் இருப்பவரோ தண்டவாளம் வரை நடந்துபோய் இருபக்கமும் ரயில் வருகிறதா என்று பார்த்து, பிறகு வண்டியைக் கடக்கச் செய்ய வேண்டும். உதவிக்கு யாரும் இல்லையென்றால் ஓட்டுநரே இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். 'ஹார்ன் அடித்துக்கொண்டே கடக்க வேண்டும்' என்பது போன்ற விடை பக்கத்திலேயே இருக்கும், ஏமாந்துவிடாதீர்கள்.

விபத்து பற்றிய கேள்வி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அடிபட்டவரை விட்டு ஓடிவிடுவதுதான் புத்திசாலித்தனம் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறோம்! 134ஆவது பிரிவு தெளிவாக இருக்கிறது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்ய வேண்டும். அங்கே போலீஸ் இல்லையென்றால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், அருகில் உள்ள ஸ்டேஷனில் தகவல் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் என்ன செய்வது என்ற பயத்தையும் சட்டம் யோசித்திருக்கிறது. கும்பலின் ஆத்திரத்தால் உதவி செய்ய முடியாமல் போனால் அதற்கு விலக்கு உண்டு. ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லும் கடமையை மட்டும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆவணங்கள் எளிது: ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று. லாரி, டாக்ஸி போன்றவற்றுக்கு பெர்மிட்டும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்றும் சேரும்.

படிப்பில் மட்டும் அல்ல, விண்ணப்பத்திலும் கோட்டை விடுகிறார்கள். லைசென்ஸுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் ஆதார் வழியாக விண்ணப்பித்தால் பெயர், பிறந்த தேதி, முகவரி, போட்டோ எல்லாம் ஆதாரிலிருந்தே வந்து விழும். இனிஷியல் முன்னால் இருக்கிறதா, அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கிறதா என்பதை அதற்கு முன்பே பாருங்கள். பிழை இருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். ஓ.டி.பி. வருகிற எண் உங்கள் கையில் இருக்கும் எண்தானா என்றும் பாருங்கள். வாகன வகையிலும் கவனம் வேண்டும். 'கியர் இல்லாதது' என்று மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு ஸ்ப்ளெண்டரில் போய் நிற்க முடியாது. பைக்கும் காரும் வேண்டுமென்றால் ஒரே விண்ணப்பத்தில் இரண்டையும் சேருங்கள். மத்திய விதிப்படி ஒவ்வொரு வகைக்கும் 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். 40 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் 1ஏ படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

பெற்றோர் செய்கிற பெரிய தவறு ஒன்று உண்டு. 16 வயதில் கியர் இல்லாத வண்டிக்கு லைசென்ஸ் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு பிள்ளைக்கு 110 சிசி ஸ்கூட்டரை வாங்கித் தருகிறார்கள். சட்டத்தின் 4ஆவது பிரிவு அந்த வயதில் அனுமதிப்பது 50 சிசிக்கு மிகாத வண்டியை மட்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதம் ரத்தாகும். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது.

வீட்டிலிருந்தே தேர்வு எழுதும் வசதி வந்த பிறகு, 'நீ உட்காரு, நான் விடை சொல்கிறேன்' என்று அண்ணன்மார் பக்கத்தில் நிற்கிறார்கள். சில இடங்களில் புரோக்கரே பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். தயவுசெய்து இதற்கு இடம் கொடுக்காதீர்கள். கேமரா ஓடிக்கொண்டிருக்கும், முகம் சரிபார்க்கப்படும் என்பது ஒரு பக்கம். அதைவிட, சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிந்தால் நின்று பார்த்துவிட்டுப் போக வேண்டும், மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறைத்துப் போக வேண்டும் என்பது தெரியாமலே ஒருவர் இரவு பதினொரு மணிக்குச் சாலையில் இறங்குகிறார். முகத்துக்கு எதிரே வெளிச்சம் இருக்கும் அறையில் தனியாக உட்காருங்கள். தமிழில் எழுதுவதாக இருந்தால் தமிழிலேயே படியுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் நேரம் ஓடும், ஆனால் கேள்வியில் 'கூடாது' என்று இருக்கிறதா என்று பார்க்கிற அளவுக்கு நேரம் இருக்கிறது. தேறவில்லையென்றால் மறுதேர்வுக் கட்டணம் 50 ரூபாய், அவ்வளவுதான்.

தேறிய கையோடு காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவது அடுத்த தவறு. எல்.எல்.ஆர். என்பது கற்றுக்கொள்ள அனுமதி மட்டுமே. 3ஆவது விதிப்படி, லைசென்ஸ் உள்ள ஒருவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பாக 'எல்' போர்டு வேண்டும். இன்சூரன்ஸ் பாலிசியை எடுத்து ஓட்டுநர் பற்றிய பத்தியைப் படித்துப் பாருங்கள், எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் இந்த 3ஆவது விதியைப் பின்பற்றியிருக்க வேண்டும் என்று அதிலேயே அச்சிட்டிருக்கும்.

எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் ஆன பிறகுதான் பிரேக் இன்ஸ்பெக்டர் முன் எட்டுப் போட முடியும். 6 மாதம் முடிந்தால் அது காலாவதி. ஐந்தரை மாதம் வரை இருந்துவிட்டு ஸ்லாட் தேடினால், ஒருமுறை தவறினாலும் மறுபடி வருவதற்கு 7 நாள் இடைவெளி வேண்டும் என்பதால் நாள் தாண்டிவிடும். 31ஆவது நாளைக் காலண்டரில் குறித்துக்கொண்டு அன்றைக்கே ஸ்லாட் பதிவு செய்யுங்கள்.